கடலூர் வெயிலில் ஹோஸ்டா வளருமா? நிழல் தோட்டக்காரர்கள் விதை வாங்கும் முன் படிக்க வேண்டியது

மே மாதக் கடைசியில் டொராண்டோவிலிருந்து வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். மகள் வீட்டுப் பின்புறம், மேப்பிள் மரத்தடியில், கை அகல இலைகளோடு குவியல் குவியலாகச் செடிகள். ஒன்று நீலம் கலந்த பச்சை, ஒன்று எலுமிச்சை மஞ்சள், இன்னொன்றுக்கு வேட்டிக் கரை போல வெள்ளை ஓரம். "இதுக்கு ஹோஸ்டான்னு பேரும்மா. ஒரு தடவை நட்டா போதும். பனியில செத்த மாதிரி போயிடும், வருஷா வருஷம் தானா வந்துடும்."

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் வடக்கு வீதியிலோ அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் அம்மாவுக்கு உடனே கொல்லை நினைவுக்கு வரும். மாமரத்தடியில் புல்கூட முளைக்காமல் வெறும் தரையாகக் கிடக்கிறதே, அங்கே இதை வைத்தால் என்ன?

அடுத்து ஆன்லைன் தேடல். 'ஹோஸ்டா விதை, 100 எண்ணிக்கை' என்று ஒரு விளம்பரம் கண்ணில் படும். படத்தில் இருக்கும் இலைகள் ஊதா, ரோஸ், வானவில் நிறத்தில் மின்னும். சில நூறு ரூபாய்தானே என்று ஆர்டர் போட்டு, பொட்டலம் வந்து, தொட்டியில் தூவி, இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றிய பிறகு முளைப்பது ஏதோ ஒரு களை. அல்லது ஒன்றுமே இல்லை.

தண்ணீர் ஊற்றியவர் மீது தப்பே இல்லை. ஹோஸ்டா கடலூரில் வளராது. விதை உண்மையானதாகவே இருந்தாலும் வளராது.

தூங்க இடமில்லாத செடி

ஹோஸ்டாவின் தாயகம் ஜப்பான், கொரியா, சீனா. ஆஸ்திரியத் தாவரவியலாளர் நிக்கோலஸ் தாமஸ் ஹோஸ்ட் என்பவரின் நினைவாக 1812-ல் இந்தப் பெயர் வைக்கப்பட்டது. ஜப்பானியர்கள் இதை 'கிபோஷி' என்கிறார்கள். அவர்கள் ஊர்ப் பழைய பாலங்களின் கைப்பிடித் தூண்களில் வெங்காய வடிவில் ஒரு குமிழ் இருக்கும். ஹோஸ்டாவின் பூமொட்டு அதைப் போல இருப்பதால் வந்த பெயர் அது. இளங்குருத்தைப் பறித்து வேகவைத்துச் சாப்பிடுவதும் அங்கே உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு 'பிளான்டெயின் லில்லி' என்று இன்னொரு பெயர். மொழிபெயர்ப்பு ஆப் அதை 'வாழை லில்லி' ஆக்கிவிடும். நம்பிவிட வேண்டாம், வாழைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அந்தப் 'பிளான்டெயின்' ஐரோப்பாவில் வழியோரம் முளைக்கும் ஒரு சிறு களைச்செடி.

குளிர்நாட்டில் இலையுதிர் காலம் வந்ததும் ஹோஸ்டாவின் இலைகள் மஞ்சளாகி மடிந்துவிடும். வேரும் குருத்தும் மண்ணுக்கடியில் தூங்கும். ஆறு வாரமாவது 5 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் கிடந்தால்தான் அடுத்த குருத்து ஒழுங்காக எழும்பும். கடலூரில் மார்கழி, தை மாத இரவுகளில்கூட வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. செடிக்குத் தூக்கமே கிடைக்காது. தூங்காத செடி ஒவ்வோர் ஆண்டும் சின்னதாகிக்கொண்டே போய், இரண்டாவது அல்லது மூன்றாவது கத்திரி வெயிலில் காணாமல் போய்விடும்.

"ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால்?" என்று கேட்பவர்கள் உண்டு. வேரைப் பத்து வாரம் காய்கறித் தட்டில் வைத்துக் குளிர் காட்டி நட்டவர்கள் வெளிநாட்டு வெப்பப் பகுதிகளில் இருக்கிறார்கள். குருத்து வரலாம். ஆனால் அது விரிகிற நேரத்தில் இங்கே அக்னி நட்சத்திரம் வந்து நிற்கும். நீல ஹோஸ்டாவின் நீலம் இலைமேல் படிந்த மெழுகுப் பூச்சுதான். வெயிலிலும் வெப்பத்திலும் அது போய், சாதாரணப் பச்சையாகிவிடும். ஆண்டுதோறும் பத்து வாரம் கத்தரிக்காய்க்கு இடம் இல்லாமல் செய்து, கடைசியில் கிடைப்பது அந்தப் பச்சைதான் என்றால் அது வேண்டாத வேலை. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ உறவினர் வீடு இருப்பவர்கள் அங்கே ஒரு தொட்டி வைத்துப் பார்க்கலாம்.

மருள் இலை சொல்லும் பாடம்

இனி அந்த விதை விஷயம். ஹோஸ்டாவில் பெயர் சூட்டிப் பதிவு செய்யப்பட்ட ரகங்கள் மட்டுமே பல ஆயிரம். 'சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்' முறம் போல இலை விட்டு ஆள் அகலத்துக்குப் படரும். 'ப்ளூ மவுஸ் இயர்ஸ்' பெயருக்கேற்ப எலிக்காது அளவு இலைதான். 'பேட்ரியட்' என்பதற்கு அகலமான வெள்ளை ஓரம். இவை எல்லாம் தூர் பிரித்தோ, திசு வளர்ப்பு முறையிலோதான் பெருக்கப்படுகின்றன. விதையிலிருந்து வரும் கன்று தாயைப் போல இருக்காது. அதிலும் வெள்ளை, மஞ்சள் ஓரம் என்பது விதை வழியாக அப்படியே இறங்காத குணம். ஆகவே, நூறு விதையில் நூறு வண்ணம் என்று காட்டும் படம் பொய். வானவில் நிற ஹோஸ்டா உலகத்தில் எங்குமே கிடையாது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மஞ்சள் கரை போட்ட மருள், நர்சரிகளில் ஸ்நேக் பிளான்ட் என்று விற்பது, பல வீட்டு வாசலிலும் இருக்கிறது. அதன் ஓர் இலையை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி மணலில் குத்திவைத்தால் சில மாதங்களில் கன்று வரும். ஆனால் அந்தக் கன்றில் மஞ்சள் கரை இருக்காது. அடியில் வரும் பக்கக்கன்றைக் கிழங்கோடு பிரித்து நட்டால் மட்டுமே கரை வரும். இலையின் ஓரத்திலும் நடுவிலும் வேறு வேறு குணமுள்ள திசுக்கள் அடுக்காக இருப்பதால் இப்படி. ஹோஸ்டாவிலும் இதே கதைதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் செய்து பார்க்க நல்ல சோதனை இது.

மருளும் ஹோஸ்டாவும் ஒரே குடும்பம் என்பது இன்னொரு செய்தி. தண்ணீர்விட்டான் கிழங்கும் அதே குடும்பம். மாலை கட்ட வாங்கும் சம்பங்கி இன்னும் நெருங்கிய சொந்தம். தொங்கும் தொட்டியில் வெள்ளைக் கோடு போட்ட இலைகளோடு ஆடும் ஸ்பைடர் பிளான்ட்டும் அந்த வகையறாதான். ஹோஸ்டா வராவிட்டாலும் அதன் சித்தப்பா, பெரியப்பா வீட்டார் கடலூரில் எப்போதோ குடியேறிவிட்டார்கள்.

ஊரிலிருந்து வரும்போது மகள் சூட்கேஸில் ஒரு வேரைச் சுற்றி எடுத்து வந்தால் என்ன என்ற யோசனையும் எழும். வேண்டாம். வெளிநாட்டிலிருந்து செடி, வேர், விதை கொண்டுவர இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டு அரசு தரும் தாவர நலச் சான்றிதழும் தேவை என்கிறது மத்திய அரசின் 2003-ம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை. மண்ணோடு ஒட்டி வரும் பூச்சியும் பூஞ்சணமும் பக்கத்து வயல் வரை போகும்.

அமெரிக்கத் தெற்கின் ஹோஸ்டா

ஹோஸ்டாவுக்கு ஏங்கி ஏமாந்தவர்கள் இங்கே மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலும் இதே பிரச்னை. குளிர் போதாமல் ஹோஸ்டா அங்கே தேறாது. அங்கிருக்கும் தோட்டக்காரர்கள் அதற்குப் பதிலாக ஒரு செடியைப் பிடித்தார்கள். 'தெற்கின் ஹோஸ்டா' என்று செல்லப்பெயரும் வைத்தார்கள். அது ஆசியாவின் செடி, இஞ்சி, மஞ்சள் குடும்பத்தைச் சேர்ந்த கேம்ப்ஃபெரியா. பீகாக் ஜிஞ்சர், அதாவது மயில் இஞ்சி.

தரையோடு தரையாக அகல இலைகள் விரியும். கரும்பச்சையில் வெள்ளித் திட்டுகள், மயில் தோகையின் கண்களைப் போல. காலையில் ஒரு சின்ன ஊதாப்பூ மலர்ந்து அன்றைக்கே வாடும், மறுநாள் இன்னொன்று. நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த வில்லைகளாக, வாசனையோடு கிடைக்கும் கச்சோலம் இதன் உடன்பிறப்பு. இன்னொரு உறவுக்கு வடமொழியில் பூமி சம்பகம் என்று பெயர். கோடையில் இலை ஒன்றுமே இல்லாத வெறும் மண்ணைப் பிளந்துகொண்டு அதன் பூ முதலில் வரும். இலை பிறகுதான்.

கடலூர் நிழலுக்கு மயில் இஞ்சியைப் போலப் பொருந்தும் செடிகள் குறைவு. வெப்பம் பிடிக்கும், காற்றில் ஈரம் பிடிக்கும், நேர் வெயில் மட்டும் ஆகாது. மகள் சொன்ன அந்த 'தானா வந்துடும்' குணமும் இதற்கு உண்டு. மழைக்காலம் முடிந்ததும் இலைகள் மஞ்சளாகிப் படுத்துவிடும். தை, மாசி, பங்குனி முழுக்கத் தொட்டி வெறுமையாகக் கிடக்கும். சித்திரை, வைகாசியில் கோடை மழை ஒன்று பெய்ததும் சுருட்டிய பாய் போலக் குருத்து எட்டிப் பார்க்கும்.

இந்த இடத்தில்தான் பலர் செடியை இழக்கிறார்கள். இலை போனதும் செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அல்லது பாவம் என்று தினமும் தண்ணீர் ஊற்றி, தூங்கும் கிழங்கை அழுகவைக்கிறார்கள். இலை படுத்த பிறகு பதினைந்து நாளைக்கு ஒருமுறை லேசாகத் தெளித்தால் போதும். தொட்டியில் ஒரு குச்சியை நட்டு, செடியின் பெயரை எழுதிவைப்பது நல்லது. கவிழ்க்க வருபவர் பெரும்பாலும் வீட்டுக்காரராக இருப்பார்!

ரகம் ரகமாகச் சேர்க்க வேண்டும் என்ற ஆசைக்குக் கலேடியம்தான் சரியான ஜோடி. தென் அமெரிக்கச் செடி. இதய வடிவ இலையில் வெள்ளை, ரோஸ், சிவப்பு என்று நரம்பும் திட்டுமாக வரும். வெள்ளை இலையில் பச்சை நரம்போடும் 'கேண்டிடம்' மங்கலான மூலையில்கூட விளக்கு வைத்ததுபோல எடுப்பாக இருக்கும். நடுவே சிவப்பு பாய்ந்த 'ரெட் ஃப்ளாஷ்' கொஞ்சம் காலை வெயிலும் தாங்கும். கலேடியமும் தூங்கும் செடிதான். ஐப்பசி, கார்த்திகையில் இலைகள் சாயத் தொடங்கியதும் கிழங்கைத் தோண்டி, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலிலோ செய்தித்தாளிலோ பொதிந்து பரணில் வைக்க வேண்டும். அடைமழையில் மண்ணுக்குள் விட்டால் அழுகும். ஹோஸ்டா கேட்கும் ஃப்ரிட்ஜ் இதற்கு விஷம். குளிரில் கிழங்கு கெட்டுவிடும்.

அக்லோனிமா, பீஸ் லில்லி, சிங்கோனியம் ஆகியவை எல்லாக் கடையிலும் கிடைப்பவை, தூங்காதவை. கேலத்தியா அழகுதான், ஆனால் கடலோரத் தண்ணீருக்கு முகம் சுளிக்கும். அதிகம் பேர் கவனிக்காதது யூகாரிஸ் லில்லி. பூ இல்லாத நாளில் பார்த்தால் பச்சை ஹோஸ்டா என்றே நினைக்கத் தோன்றும் பளபளப்பான இலை, பூத்தால் வாசனையோடு வெள்ளைப் பூ. டிரிமியாப்சிஸ் என்று ஒரு சின்னச் செடி உண்டு. இலையில் சிறுத்தைப் புள்ளிகள் இருக்கும். 'ஆப்பிரிக்க ஹோஸ்டா' என்றே இதற்குப் பெயர், ஹோஸ்டாவின் குடும்பமும்கூட. கண்ணில் பட்டால் விடக் கூடாது.

பெரிய இலைதான் வேண்டும் என்றால் காய்கறிக் கடைக்குப் போகலாம். முளைவிட்ட சேப்பங்கிழங்கு ஒன்றைக் கிணற்றடியில், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் பக்கமாகப் புதைத்தால், 'சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்'க்குச் சவால்விடும் இலை வரும். பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தின் கிழங்கை எறியாமல் வைத்திருந்து வைகாசியில் நட்டாலும் நிழலில் அகலமான இலைகள் கிடைக்கும். இரண்டுக்கும் செலவு ஏறக்குறைய பூஜ்யம்.

புயலில் போன நிழல்

எந்தச் செடி என்பதைவிடக் கடலூர் மாவட்டத்தில் பெரிய கேள்வி, நிழல் எங்கே என்பது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. வீட்டுக் கொல்லைகளில் நின்ற மா, வேம்பு, முருங்கை, தென்னையும் தப்பவில்லை. ஒரே இரவில் நிழல் தோட்டம் வெயில் தோட்டமான வீடுகள் ஏராளம். 2024 நவம்பர் 30 அன்று வந்த ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் பெருகிய வெள்ளம் கரையோரத் தோட்டங்களை முக்கியது.

மரம் போன வீட்டில் 50 சதவீத நிழல்வலை உதவும். அதைக் கழற்றி மாட்டும்படி கொக்கியில் கட்ட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் முதலில் கழற்ற வேண்டியது அதைத்தான், இல்லாவிட்டால் பாய்மரம் போலக் கம்பியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வெள்ளம் வரும் பகுதியில் கிழங்குச் செடிகளைத் தரையில் நடாமல் தொட்டியில் வைத்தால், திண்ணைக்கு ஏற்றிவிடலாம்.

மரம் இருக்கும் வீட்டிலும் எல்லா நிழலும் ஒன்றில்லை. தென்னை நிழல் ஆடிக்கொண்டே இருக்கும், கலேடியத்துக்கு ரொம்பப் பிடிக்கும். வேப்ப நிழலும் பரவாயில்லை. மா, பலாவின் அடியில் இருட்டு அதிகம். மேலோட்டமான வேர்கள் தண்ணீரையும் உரத்தையும் முந்திக்கொள்ளும். அங்கே தொட்டியோடு பாதி புதைத்து வைப்பதுதான் வழி. சிதம்பரத்தில் இன்னும் மிச்சமிருக்கும் பழைய முற்றத்து வீடுகள் கொடுத்துவைத்தவை. மழை நேராக உள்ளே விழும், வெளிச்சம் நாள் முழுக்க இருக்கும், உச்சி வெயில் கொஞ்ச நேரம்தான். மயில் இஞ்சிக்கு அதைவிட நல்ல இடம் அமையாது.

அடுத்த பிரச்னை தண்ணீர். கடலை ஒட்டிய பகுதிகளில் போர்வெல் தண்ணீரில் உப்பு கூடுதல். இலை நுனி பழுப்பாகக் கருகினால், வெயில் என்று நினைத்துச் செடியை இடம் மாற்றுவதற்கு முன் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகும் கழிவுநீரை 'வீணாகிறதே' என்று தொட்டிக்கு ஊற்றுவது பல வீட்டுப் பழக்கம். உப்பெல்லாம் சேர்ந்து இறங்குவது அதில்தான், இந்தச் செடிகளுக்கு ஆகாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, தாராளமாக ஊற்றலாம். மழைநீர் ஒரு டிரம் பிடித்துவைத்தால் இன்னும் நல்லது. கோகோபீட்டிலும் உப்பு இருக்கும். இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே மண்ணில் கலக்க வேண்டும்.

மண் கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, அலசிய கோகோபீட் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கைப்பிடி ஆற்று மணல், கொஞ்சம் மக்கிய சருகு. நர்சரிச் செடிகளில் பல ஆந்திராவின் கடியம் பகுதியிலிருந்து லாரியில் வருபவை. வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருக்கும். அப்படியே தொட்டியில் வைத்தால் உருண்டைக்குள் தண்ணீர் போகாது, அல்லது போனது வெளியே வராது. வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, களிமண்ணை மெல்லக் கரைத்துவிட்டு நட வேண்டும்.

கடலூரின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அப்போது நத்தைகள் கிளம்பும். டொராண்டோவில் ஹோஸ்டாவைச் சல்லடையாக்குவதும் ஓடில்லாத நத்தைதான். உப்பு தூவினால் நத்தை சாகும், தொட்டி மண்ணும் கெடும். இரவில் ஓர் ஈரச் சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலையைப் போட்டுவைத்தால் விடியற்காலையில் கும்பலாக ஒளிந்திருக்கும். கையுறை போட்டு எடுத்துவிடலாம்.

பால் வடிந்தால் கவனம்

சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த தில்லை மரம் இப்போது பிச்சாவரம் அலையாத்திக் காட்டில்தான் நிறைய நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும் என்பது அந்தப் பக்கத்து மீனவர்களுக்குத் தெரியும். வாசலில் நிற்கும் குரோட்டன்ஸ் அந்தத் தில்லையின் குடும்பம்தான். (தமிழ்நாட்டில் அழகுக்கு வைக்கும் எந்த இலைச்செடிக்கும் 'குரோட்டன்ஸ்' என்று பெயர் வைத்துவிடுவது வேறு விஷயம்.) தில்லை அளவுக்கு மோசமில்லை என்றாலும் கிளை வெட்டினால் கையைக் கழுவ வேண்டும்.

கலேடியம், டிஃபன்பேக்கியா, அக்லோனிமா ஆகியவற்றின் இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் உண்டு. குழந்தை வாயில் வைத்துக் கடித்தால் நாக்கும் உதடும் எரிந்து வீங்கும். வாயைக் கழுவி, குளிர்ந்த பால் கொடுத்து, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இவை இடுப்பு உயரத்துக்கு மேல்தான் இருக்க வேண்டும். சேம்பு இலைக்கும் அதே அரிப்பு உண்டு. சமைக்கும்போது புளி சேர்ப்பது அதற்காகத்தான்.

புரட்டாசி கடைசி ஆகும்போது டொராண்டோவில் இரவுகள் குளிரத் தொடங்கும். கோடை முழுக்கப் பின்கட்டில் நின்ற கறிவேப்பிலைத் தொட்டியை மகள் தூக்கிவந்து வீட்டுக்குள் ஜன்னலோரம் வைப்பாள். ஒரு ராத்திரி உறைபனி பட்டால் போதும், செடி போய்விடும். அடுத்த சில வாரங்களில் மஞ்சக்குப்பத்தில் கலேடியம் இலைகள் சாயும், மேகம் கூடும், பரணில் இடம் ஒழிக்கும் வேலை வரும்.

"கறிவேப்பிலையை உள்ள வெச்சிட்டியாடி?"

"நேத்தே வெச்சிட்டேம்மா. நீ கிழங்கை எடுத்துட்டியா?"

"வெள்ளைய மட்டும் எடுத்துட்டேன். செவப்பு இன்னும் ரெண்டு இலை நிக்குது, ஞாயித்துக்கிழமை எடுக்கணும்."